தங்க வயலின் பந்தாட்டக் குழுக்கள்

கோலார் தங்க வயலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பூமிக்கடியில் நடந்தவற்றையே எழுதுகின்றனர். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குப் பொன் வெளிவந்தது. மாலை வேளைகளில் பூமிக்குமேலே, மைதானங்களில் நடந்ததும் நாம் அறியத்தக்க வரலாறேயாகும்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குக் காலூன்றினர். வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து நம்மவர் திரள் திரளாக வந்து சேர்ந்தனர். 1894இல் இருப்புப் பாதையும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்தன. குடியிருப்பும் மருத்துவமனையும் கம்பெனியின் பொறுப்பாயிருந்தன; விளையாட்டும் அவ்வாறே. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் கோல்பும் டென்னிசும். தொழிலாளர்க்குக் கால்பந்தும் ஹாக்கியும். நந்திதுர்கம், மைசூர், சாம்பியன் ரீப் என்ற சுரங்கப் பெயர்களே அணிகளின் பெயர்களுமாயின. காலை ஷிப்டில் இறங்கியவர் மாலையில் பந்தாடலாம். அவரோடு பாறை உடைத்தவர் கரையில் நின்று ஆரவாரம் செய்யலாம். பிற ஊர்களில் சாதிக்கும் தெருவுக்கும் இருந்த பற்று, இங்குச் சுரங்கத்தின்மேல் படிந்தது. அது நல்ல மாற்றமென்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும், பந்தும் சட்டையும் மைதானமும் கம்பெனியுடையவை. இதன் பொருளை அறிய, அமெரிக்கச் சிற்றூர்களின் பேஸ்பால் ஆட்டத்தைச் சற்று நோக்குவோம். அங்கே பெருநகர அணிகள், வளரும் ஆட்டக்காரரைச் சிற்றூர் அணிகளில் சம்பளம் கொடுத்துப் பழக்குவது வழக்கம். 1949இல் இத்தகைய சிறு லீக்குகள் 59 இருந்தன. அவ்வாண்டு ஏறக்குறைய 4 கோடிப் பேர் ஆட்டம் கண்டனர். பின்னர்த் தொலைக்காட்சி பெருநகர ஆட்டங்களை வீட்டுக்கே கொணர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் லீக்குகள் 20 அளவுக்குக் குறைந்தன. 2020 முடிவில் பெருநகர அணிகள் நாற்பது சிற்றூர் அணிகளைக் கைவிட்டன. அவற்றுள் ஒன்று மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி நாட்டைச் சேர்ந்த புளூபீல்டு அணி. ஆனால் அவ்வூர் மைதானம் நகராட்சிக்குச் சொந்தம். (வேடிக்கை என்னவெனில், அது மாநில எல்லைக்கு அப்பால், அதே பெயருள்ள அடுத்த ஊரில் இருக்கிறது.) ஆதலால் 2021இல் கல்லூரி மாணவர் அணியொன்று அங்கே ஆடத் தொடங்கியது.

நம் தங்க வயலுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. 1956இல் மைசூர் அரசும், பின்னர் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. உடைமையாளர் மாறினும் ஏற்பாடு மாறவில்லை. சம்பளமும் ஆட்டமும் ஒரே கையில் இருந்தன. பந்து நன்றாக ஆடுபவர்க்கு வேலை கிடைப்பதும், வேலை உள்ளவர்க்கு மைதானம் கிடைப்பதும் இயல்பாயிருந்த காலம் அது. பெங்களூரிலும் தொழிற்சாலை அணிகளே கால்பந்தை வளர்த்தன. மைசூர் மாநிலம் 1946-47, 1952-53 ஆண்டுகளில் சந்தோஷ் கோப்பையை வென்றதை நம்மில் மூத்தோர் அறிவர்.

பொன்னின் விளைச்சல் குறைந்து, செலவு மிகுந்து, 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சம்பளம் நின்ற அன்றே சுரங்க அணிகளுக்கு அடிப்படையும் போயிற்று. ஊர் மட்டும் கலையவில்லை. 1964இல் தோன்றிய மண்வாரி இயந்திர நிறுவனத்தின் ஆலை அங்குத் தொடர்ந்து இயங்குகிறது. எனினும் சுரங்கம் இழந்தவர் அனைவர்க்கும் அது இடமளிக்க இயலாது. ஆயிரக்கணக்கானோர் விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறி, 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூர் சென்று, இருட்டியபின் திரும்புகின்றனர். மாலை ஆட்டத்துக்கு வேண்டிய அந்த இரண்டு மணி நேரம் இப்போது ரயிலில் கழிகிறது.