கல்விப் பெறுபேறுகளும் அவற்றின் பதிவேடும்

கற்ற கல்வியைக் கள்வர் கொள்ளமாட்டார் என்று இளமையிலே கற்றோம். அஃது உண்மையே. ஆயின் அக்கல்விக்குச் சான்றாய் அமைந்த தாளைப் போரும் கடலும் கொண்டுபோகக் கண்டோம். 1995இல் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தோர், 2004இல் கடற்கோளுக்கு ஆளான கரையோர மக்கள், 2009இல் வன்னியினின்றும் வெளியேறியோர் ஆகியோருள் சான்றிதழை இழந்தவர் பலர். அவர்க்குத் துணையாய் நின்றது பரீட்சைத் திணைக்களத்தின் பதிவேடு. பரீட்சை நடந்த ஆண்டும் சுட்டெண்ணும் தெரியின், உறுதிப்படுத்திய பெறுபேற்றுப் பத்திரத்தை அங்கே பெறலாம். ஆகவே நம் பெட்டியிலுள்ள சான்றிதழ் நகல் போன்றதே, மூலம் பதிவேடுதான். பலர் இதனைத் தலைகீழாக எண்ணுகின்றனர்.

மூலம் பிழைபடின் நகலும் பிழைபடும். எனவே பதிவேட்டில் இடம்பெற வேண்டுவன யாவை? புள்ளி மட்டும் போதுமா? போதாது என்பதற்கு 2011ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சை தக்க சான்றாகும். அவ்வாண்டில் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடை எழுதினர். பல்கலைக்கழக அனுமதிக்கோ இசட் புள்ளியே அளவுகோல். மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்தால் அது கிடைக்கும். சராசரி 50, விலகல் 10 ஆயின், 60 புள்ளி பெற்றவனுக்கு 1. சராசரி 40 ஆயின், அதே 60 புள்ளிக்கு 2. இரு கூட்டத்தாரையும் ஒன்றாக்கிக் கணித்தால் வரும் சராசரி எந்தக் கூட்டத்துக்கும் உரியதன்று. அவ்வாறு ஒன்றாக்கிக் கணித்தமையே வழக்காயிற்று. 2012இல் உயர் நீதிமன்றம் தனித்தனியே கணிக்குமாறு பணித்தது. அனுமதியும் தாமதமாயிற்று. மாணவர் எழுதிய விடையில் ஓரெழுத்தும் மாறவில்லை. யார் எக்கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று பிரித்து நோக்காமையே இத்துணை இடருக்கும் காரணம். நன்றாய் எழுதியும் ஓராண்டை ஐயத்திற் கழித்த பிள்ளைகளின் மனநிலையை எந்தக் கணிதமும் அளந்திலது.

பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நம் வழக்கம் பிற எழுத்தில் மாற்றும்போது பெருங் குழப்பம் தருவது. ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் எழுதுவர். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பரீட்சைப் பதிவில் மற்றொன்று என்றால், அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தார் இருவரையும் ஒருவரென ஏற்கத் தயங்குவர். இதற்குத் திணைக்களத்தையே குறை கூறுதல் நேர்மையன்று. விண்ணப்பத்தை நிரப்புவோர் நாமே.

ஆதலின் இவ்வாண்டு பரீட்சைக்குத் தோற்றும் மாணவர், கையொப்பமிடுமுன் பிறப்புச் சான்றிதழை அருகே வைத்துத் தம் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்குவாராக. சுட்டெண்ணையும் ஆண்டையும் தம் வீட்டில் மட்டுமன்றி, வேறூரிலுள்ள உறவினர் ஒருவரிடத்தும் எழுதிக் கொடுத்து வைப்பாராக.