இதயத்துக்குக் கடிவாளமிடும் நரம்பு

புத்தாண்டு நள்ளிரவில் இக்குளிர்தேசங்களின் வானமெங்கும் வாணங்கள் வெடித்துச் சிதறுகையில், யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்குவோர் எம்மவரிடையே இன்றும் இருக்கின்றனர். போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்துடன் ஓய்ந்தது என்பதை அவர்கள் நன்கறிவர். ஆயினும் வெடியொலி கேட்டதும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. குடிவரவுத் திணைக்களத்தின் கடித உறையைக் கண்டமாத்திரத்தில் வயிறு பிசைவதாகக் கூறுவோரும் உளர். உறவினரோ, "மனத்தைத் திடப்படுத்து" என்று கூறிவிட்டு அப்பால் செல்கின்றனர். படபடப்பவரும் தம்மைக் கோழையென எண்ணி நாணி, வைத்தியரிடம்கூட வாய்திறவாது இருந்துவிடுகிறார்.

இந்த நாணம் தேவையற்றது என்பதே எமது கருத்து. நரம்புத் தொகுதி எவ்வாறு அமைந்து இயங்குகிறது என்பதைச் சற்று அறிந்தவர் எவரும் இதனைக் கோழைத்தனம் என்று சொல்லத் துணியார்.

இரு குதிரைகள், ஒரு வண்டி

மனித நரம்புத் தொகுதியை மைய நரம்புத் தொகுதி, சுற்றயல் நரம்புத் தொகுதி என இரண்டாகப் பகுப்பர். மண்டையோட்டினுள் இருக்கும் மூளையும், முள்ளந்தண்டினூடே இறங்கும் முண்ணாணும் மையத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 1.4 கிலோகிராம் நிறையுடைய மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. மூளையிலிருந்து 12 சோடி நரம்புகளும், முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகளும் புறப்பட்டு உடலெங்கும் கிளைத்துச் செல்கின்றன. இவையே சுற்றயல் நரம்புகள். இவற்றுள் தடித்த நார்கள் செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் செய்தி கடத்த வல்லவை.

இந்நரம்புகளில் ஒரு பகுதி எமது விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. பேனையை எடுக்க நினைத்தால் கை எடுக்கிறது. மற்றொரு பகுதியோ எம்மைக் கேளாமலே இயங்குவது. இதயத் துடிப்பு, சமிபாடு, வியர்வை, கண்மணியின் விரிவு யாவும் அதன் பொறுப்பில் உள்ளன. இதனைத் தன்னாட்சி நரம்புத் தொகுதி என்பர்.

தன்னாட்சி நரம்புத் தொகுதியும் இரு கூறுகளைக் கொண்டது. ஆபத்து வருங்கால் உடலை முடுக்கிவிடுவது பரிவு நரம்புத் தொகுதி. அது இதயத்தை விரைவுபடுத்தும். வயிற்றுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துக் கால்தசைகளுக்குத் திருப்பும். சிறுநீரகங்களின் மேல் அமைந்த அதிரீனல் சுரப்பிகளைத் தூண்டி அதிரினலினைக் குருதியில் கலக்கச் செய்யும். 'போராடு அல்லது தப்பியோடு' என்னும் இந்த ஆயத்தநிலையை அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்டர் கனன் 1915இல் வெளியான தமது நூலில் விரிவாக விளக்கினார். மற்றையது பரபரிவு நரம்புத் தொகுதி. ஆபத்து நீங்கியபின் உடலை அமைதிக்கு மீட்பது இதன் பணி.

இந்த இரண்டாவது கூறின் தலையாய நரம்பு, மூளையடியிலிருந்து இறங்கும் பத்தாவது சோடி. கழுத்து, நெஞ்சு, வயிறு என எங்கும் அலைந்து செல்வதால், அலைந்து திரிவது எனப் பொருள்படும் 'வேகஸ்' என்ற இலத்தீன் பெயரை அதற்கு இட்டனர். இதயம் எந்த நரம்பின் தொடர்புமின்றித் தன்பாட்டில் விடப்பட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவை துடிக்கும். ஓய்ந்திருப்பவரின் நாடி 70 அளவில் நிற்பதற்குக் காரணம், வேகஸ் நரம்பு கடிவாளத்தை இடைவிடாது இழுத்துப் பிடித்திருப்பதே.

இரு தவளை இதயங்கள்

நரம்பு தன் கட்டளையை இதயத்துக்கு எவ்வாறு தெரிவிக்கிறது? மின் துடிப்பே நேரடியாகத் தசைக்குள் பாய்கிறது என்று ஒருகாலத்தில் பலர் கருதினர். ஒஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியராயிருந்த ஒட்டோ லோவி இக்கேள்விக்கு 1921இல் விடை கண்டார். சோதனை முறை கனவில் தோன்றியதாகவும், அன்றிரவு கிறுக்கிய குறிப்பை விடிந்தபின் தம்மால் வாசிக்க இயலவில்லை என்றும், மறுநாள் இரவு அதே எண்ணம் மீண்டும் வர எழுந்து நேரே ஆய்வுகூடம் சென்றதாகவும் அவர் பின்னாளில் எழுதினார்.

அவர் இரு தவளைகளின் இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்புத் தணிந்தது. அதனைச் சூழ்ந்திருந்த கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்துக்கு ஊட்டினார். அதுவும் தணிந்தது! நரம்பு முனை ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்தே பேசுகிறது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. அப்பொருள் அசற்றைல்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது. இக்கண்டுபிடிப்புக்காக 1936இல் ஹென்றி டேலுடன் லோவி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஈராண்டுகள் கழிந்து, 1938 மார்ச்சில் நாசி ஜேர்மனி ஒஸ்திரியாவை விழுங்கியபோது, யூதரான லோவி சிறையிலடைக்கப்பட்டார். நோபல் பரிசுப் பணத்தை நாசிகளின் பிடியிலிருந்த வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பின்னரே நாட்டைவிட்டு வெளியேற அனுமதிக்கப்பட்டார். பிரித்தானியாவில் தங்கி, 1940இல் அமெரிக்கா சேர்ந்தார். மருத்துவச் சான்றிதழில் தம்மை முதுமைத் தளர்ச்சியால் உழைத்துப் பிழைக்க இயலாதவர் என எழுதியிருந்ததைக் கண்டு திடுக்கிட்டதையும், நல்வாய்ப்பாகக் குடிவரவு அதிகாரி அதனைப் பொருட்படுத்தாது விட்டதையும் அவரே பதிவுசெய்துள்ளார். இதயத்தைத் தணிக்கும் நரம்பின் மொழியைக் கண்டறிந்த பேரறிஞரின் இதயமும் அந்த மேசையின் முன் படபடத்திருக்கவே வேண்டும்.

ஓயாத எச்சரிக்கை மணி

மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்தலா என்றொரு பகுதி உண்டு. ஆபத்தின் அறிகுறிகளைக் கற்று வைத்திருப்பது அதன் வேலை. அறிகுறி தென்பட்டதும், சிந்திக்கும் மூளை அதனை ஆராய்ந்து முடிக்குமுன்பே பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது. இத்தாமதமின்மையே உயிர்காப்பது. விமான இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தவர் பிழைத்தார். இது என்ன ஒலி என ஆராய்ந்து நின்றவர் பிழைக்கவில்லை. பல்லாண்டுகள் இவ்வாறு பயின்ற நரம்புகள், விமானச்சீட்டு வாங்கி நாடு மாறியதும் பயிற்சியை மறந்துவிடுவதில்லை. வாணமும் நள்ளிரவுக் கதவுத்தட்டும் சீருடையும் பழைய கட்டளையையே பிறப்பிக்கின்றன. கடிவாளம் தளர்ந்த இதயம் ஓடுகிறது.

இந்நிலை நீடிக்குமாயின் உறக்கம் கெடும், கனவுகள் வதைக்கும், தலையிடி, வயிற்றுக்கோளாறு, உடல் உளைவு தொடரும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் இதனை ஒரு நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. ஈழத்தமிழரிடையே போர் விளைத்த உளப்பாதிப்புகள் குறித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதிய ஆங்கில நூல் 1998இல் வெளியாயிற்று.

செய்யத்தக்கவை

கடிவாளத்தை மீண்டும் இழுக்க ஓர் எளிய வழி எம்மிடமே உண்டு. மூச்சை உள்ளிழுக்கையில் நாடி சற்று விரைவதையும், வெளிவிடுகையில் தணிவதையும் மணிக்கட்டில் விரல் வைத்துப் பலர் உணரலாம். வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகுவதே காரணம். ஆகவே படபடப்பு எழுகையில் மெல்ல மூச்சிழுத்து, அதனினும் நீளமாக வெளிவிடுதல் பயன்தரும்.

எனினும் மூச்சுப்பயிற்சி மட்டும் சிகிச்சையாகாது. நெஞ்சுவலி உடையோர் இதயநோய் இல்லையென்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். பின்னர், தாம் கடந்துவந்தவற்றைக் குடும்ப வைத்தியரிடம் மறையாது கூறுதல் வேண்டும். உளவழிச் சிகிச்சையும் தேவைப்படின் மருந்தும் இன்று பலருக்குப் பலன் தருகின்றன. இதற்குப் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லாதீர்கள். தந்தையின் சித்திரவதையைத் தன் வாயால் மொழிபெயர்க்கும் சுமை எப்பிள்ளைக்கும் ஆகாது. பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டுப் பெறலாம்.

தஞ்சம் கோருவோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நன்று. சித்திரவதையின் தடயங்களை வைத்தியர் எவ்வாறு ஆராய்ந்து பதிவுசெய்ய வேண்டும் என்பதற்கான வழிகாட்டி 'இஸ்தான்புல் நெறிமுறை' என்ற பெயரில் 1999இல் உருவாகி, பின்னர் 2022இல் திருத்தப்பட்டு ஐக்கிய நாடுகள் சபையால் வெளியிடப்பட்டுள்ளது. உடல் தழும்புகளோடு உளப்பாதிப்புகளையும் அது தடயமாகக் கொள்கிறது. விசாரணையில் நாக்குழறுவோர், நாட்களை முன்பின்னாகச் சொல்வோர் தமது சட்டத்தரணியிடம் இதுபற்றிக் கேட்டு, வைத்திய அறிக்கை பெற முயலல் வேண்டும். விசாரணைத் திகதிக்கு முன்னரே அதனைச் செய்தல் நலம்.