முதுகில் கை வைக்கும் முன்

'டொக்' என்று ஒரு சத்தம். நோயாளி நிம்மதியாகச் சிரிக்கிறார். செல்போன் திரையில் பலரும் ரசிக்கும் இந்தக் காட்சியை வைத்துக் கைரோபிராக்டரின் வேலையை எடைபோட முடியாது. எலும்பு இடம் மாறுவதால் எழும் சத்தமல்ல அது. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி தோன்றுவதால் எழுவது. முக்கியமான வேலை அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

இத்தொழில் பிறந்தது அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில். காந்த சிகிச்சை செய்துவந்த டி.டி. பாமர், ஹார்வி லில்லர்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை 1895-இல் அழுத்திச் சரிசெய்ததாகவும், அவருக்குக் கேட்கும் திறன் திரும்பியதாகவும் அறிவித்தார். பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பின் பிசகே காரணம் என்பது அவர் வாதம். மருத்துவ உலகம் ஏற்கவில்லை. உரிமமின்றி வைத்தியம் செய்ததாக 1906-இல் அவர் சிறைக்குப் போனார். 1913-இல் கன்சாஸ் மாநிலம் இத்தொழிலுக்குச் சட்டம் இயற்றியது. கடைசியாக லூசியானா இணங்கியது 1974-இல். இத்தொழிலை ஒழிக்க அமெரிக்க மருத்துவச் சங்கம் சதி செய்தது என 1987-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அங்கீகாரத்தோடு பொறுப்பும் வந்தது. அங்கு பட்டமும் மாநில உரிமமும் இல்லாமல் தொழில் நடத்த முடியாது. பொதுவாக அறுவை சிகிச்சைக்கு அனுமதியில்லை. வலியின் வரலாற்றைக் கேட்க வேண்டும். நடையைக் கவனிக்க வேண்டும். முதுகெலும்பை விரலால் தடவி ஆராய வேண்டும். கால்களின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதிக்க வேண்டும். ஆபத்தைச் சொல்லிச் சம்மதம் பெற்ற பிறகே அந்த வேகமான, சிறிய அழுத்தம்.

பலன்? கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சி போன்ற பிற சிகிச்சைகளுக்கு இணையாக ஓரளவு உதவுகிறது என்கின்றன ஆய்வுகள். ஆஸ்துமா, காது கேளாமை போன்றவற்றைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை. கழுத்தைத் திருப்பிய பின் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் அரிதாகப் பதிவாகியுள்ளன. திருப்பியதால் கிழிந்ததா, ஏற்கெனவே கிழிந்ததால்தான் கழுத்து வலித்ததா என்ற விவாதம் ஓயவில்லை.

எனவே கைரோபிராக்டரின் தலையாய கடமை, கை வைக்கக் கூடாத முதுகை அடையாளம் காண்பதுதான். எலும்பு முறிவு, புற்றுநோய், கடும் எலும்புத் தேய்வு, காய்ச்சலோடு வரும் முதுகுவலி ஆகியவை எச்சரிக்கைகள். சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ கால் மரத்துப் பலமிழந்தாலோ உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

அப்படி அனுப்பிவைக்கும் நாளில் 'டொக்' சத்தம் கேட்காது. படம்பிடிக்கவும் எதுவும் இருக்காது.