ரைஸ் குக்கரில் சாதம் மட்டும்தானா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலர் அதில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வார்கள். ஒருவர் பாட்டுக் கேட்பார். இன்னொருவர் கடிதம் மட்டும் டைப் செய்வார். அதே மெஷினில் இன்னும் நூறு வேலை செய்திடலாம் என்பது மெல்லத்தான் தெரிய வரும். நம் வீட்டு எலக்ட்ரிக் ரைஸ் குக்கரின் நிலையும் இதுதான். அரிசியைப் போடுகிறோம், தண்ணீர் ஊற்றுகிறோம், ஸ்விட்சைத் தட்டுகிறோம். அது எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்து கொண்டால், அதிலேயே பொங்கல், இட்லி, பாயசம், கேக் என எல்லாம் செய்திடலாம். ஹாஸ்டலிலும் வாடகை அறையிலும் ஒரே ஒரு குக்கருடன் காலம் தள்ளுபவர்களுக்கு இது பெரிய விஷயம்.

குக்கருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்

ஒரே ஸ்விட்ச் உள்ள சாதாரண குக்கரையே எடுத்துக் கொள்வோம். உள் பாத்திரத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். ஹீட்டர் தட்டின் நடுவே, அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பும் சிறு வட்டம் ஒன்று இருக்கும். அதுதான் சென்சார். அதனுள் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் உள்ளது. நீங்கள் ஸ்விட்சை அழுத்தும்போது ஒரு காந்தம் இதனுடன் ஒட்டிக் கொள்ளும். ஹீட்டருக்கு மின்சாரம் செல்லும்.

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை வெப்பம் அதைத் தாண்டாது. அரிசி தண்ணீரை உறிஞ்சி, மீதி ஆவியாகிப் போனதும் அடிப்பாகம் சூடேறத் தொடங்கும். சுமார் 103 டிகிரியில் ஃபெரைட் தன் காந்தத் தன்மையை இழக்கும். பிடி விட்டதும் ஸ்பிரிங் தள்ளும். "டக்" என்ற சத்தத்துடன் குக்கர் வார்ம் நிலைக்கு மாறிவிடும்.

கம்ப்யூட்டர் பாணியில் சொன்னால், இது ஒரே ஒரு நிபந்தனை கொண்ட புரோகிராம். தண்ணீர் இருந்தால் ஆன், தீர்ந்தால் வார்ம். சிப் இல்லை, மெமரி இல்லை. உள்ளே இருப்பது அரிசியா, பருப்பா, கேக் மாவா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்பதை நீங்கள் தண்ணீரின் அளவால்தான் சொல்ல வேண்டும். தண்ணீர்தான் இங்கு டைமர்.

இந்த யோசனை மிகவும் பழையது. ஜப்பானில் தொஷிபா நிறுவனம் 1955ல் விற்பனைக்குக் கொண்டு வந்த ஆட்டோமேட்டிக் குக்கரில், அதை உருவாக்கிய யோஷிததா மினாமி இரண்டு பாத்திரங்களை வைத்தார். வெளிப் பாத்திரத்தில் ஊற்றிய ஒரு கப் தண்ணீர் ஆவியாகச் சுமார் 20 நிமிடம் ஆகும். அது தீர்ந்ததும் ஸ்விட்ச் அணையும். தைவானின் தாதுங் நிறுவனம் 1960 முதல் இதே முறையில் குக்கர்களைத் தயாரித்து வருகிறது. (1984ல் ஐன்ஸ்டீன் என்ற பெயரில் ஹோம் கம்ப்யூட்டர் ஒன்றை வெளியிட்டதும் இதே தாதுங்தான்!) அந்த ஊர் வீடுகளில் மீன், முட்டை, சூப் எல்லாம் இந்த குக்கரில்தான் வேகின்றன.

முதலில் பொங்கல்

ஒரு கப் பச்சரிசி, கால் கப் வறுத்த பாசிப்பருப்பு, ஐந்து கப் தண்ணீர், உப்பு, இஞ்சி. ஸ்விட்சைத் தட்டுங்கள். தண்ணீர் கூடுதலாக இருப்பதால் குக்கர் அதிக நேரம் ஓடும், அரிசி குழைந்துவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. நிரம்பினால் கஞ்சி நுரைத்து ஆவித் துளை வழியாகப் பொங்கி வழியும். நெய், மிளகு, சீரகம், முந்திரி தாளிப்பதை மட்டும் தனியே வைத்துக் கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. குக்கரில் வெறும் நெய்யை ஊற்றி ஆன் செய்தால், தண்ணீர் இல்லாததால் சில நிமிடங்களில் ஸ்விட்ச் விழுந்துவிடும். சூடு தணியும் வரை மீண்டும் பிடிக்காது. வெங்காயம், தக்காளியை எண்ணெயுடன் சேர்த்து வதக்கினால், அவற்றின் ஈரம் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும்.

சாம்பார் சாதத்தில் ஒரு தந்திரம் உண்டு. பிரஷர் குக்கரில் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி வரை போகும், இதில் 100தான். எனவே துவரம் பருப்பை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்துப் போடுங்கள். புளிக்கரைசலை ஆரம்பத்திலேயே ஊற்றாதீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேகத் தாமதமாகும். அரிசி, பருப்பு, காய்கள் வெந்து ஸ்விட்ச் விழுந்த பின், புளித்தண்ணீரும் பொடியும் சேர்த்துக் கிளறி மீண்டும் ஆன் செய்திடுங்கள். புதிய தண்ணீர் உள்ளே போனதால் குக்கர் சமர்த்தாக அடுத்த ரவுண்டு ஓடும்.

இட்லிக்கு அடியில் இரண்டு கப் தண்ணீர் ஊற்றி, அது கொதித்த பின், ஆவித் தட்டில் அல்லது பாத்திரத்தில் அடங்கும் சிறிய இட்லித் தட்டில் மாவை ஊற்றி வைக்கலாம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இட்லி தயார். ஆனால் தண்ணீர் இன்னும் மிச்சம் இருப்பதால் ஸ்விட்ச் தானாக விழாது. செல்போனில் அலாரம் வைத்துக் கொள்ளுங்கள். சாதம் வேகும்போதே மேல் தட்டில் பீன்ஸ், காரட், முட்டை வைத்து விடுவதும் நல்ல பழக்கம். ஒரே மின்சாரத்தில் இரண்டு வேலை.

இனிப்புகள்தான் குக்கரை ஏமாற்றுபவை. பாலில் உள்ள கெட்டிப் பொருட்களும் சர்க்கரையும் அடியில் படிந்து சூடேறும். மேலே இன்னும் பால் நிறைய இருக்கும்போதே, தண்ணீர் தீர்ந்து விட்டதாக நினைத்து குக்கர் அணைந்துவிடும். தவறான இன்புட், தவறான அவுட்புட்! எனவே பாயசத்திற்கு அரிசியைத் தண்ணீரில் முழுதாக வேகவிட்டு, பிறகு காய்ச்சிய பாலையும் கடைசியில் வெல்லத்தையோ சர்க்கரையையோ சேர்த்திடுங்கள். கேக்கும் இப்படித்தான். மாவு ஊற்றிய கொஞ்ச நேரத்தில் "டக்" கேட்கும். வேகவில்லை என்று அர்த்தம். பத்து நிமிடம் விட்டு மறுபடி தட்ட வேண்டும். இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம். நடுவில் குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். மேல்பக்கம் வெளுத்துத்தான் இருக்கும்; புரட்டிப் போட்டுப் பரிமாறினால் பழுப்பு நிறம் தெரியும்.

அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்த ஒற்றைப் பானைச் சமையலைப் பற்றி 2010ல் ஒரு புத்தகமே எழுதினார். 2006ல் நடந்த அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு அவரால் வாயால் எதையும் சாப்பிட முடியாமல் போனது என்பதைத் தெரிந்து கொண்டு படித்தால், மனது என்னவோ செய்கிறது.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஸ்விட்ச் விழாமல் இருக்கச் சிலர் தீக்குச்சி செருகுகிறார்கள், டேப் ஒட்டுகிறார்கள். உள்ளே வெப்ப ஃபியூஸ் ஒன்று உண்டு. சூடு எல்லை மீறினால் அது ஒரே தடவையில் போய்விடும். அது போனதால் காப்பாற்றப்பட்டது உங்கள் வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். பாத்திரத்தின் அடியில் ஈரமோ, ஒரு பருக்கையோ ஒட்டியிருந்தாலும் சென்சார் சரியாகத் தொடாது. துடைத்து வைத்திடுங்கள்.

ராஜ்மாவை இரவு முழுவதும் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்கு கொதிக்கவிட்டு மெத்தென்று ஆகும் வரை வேக வைக்க வேண்டும். வார்ம் நிலையில் வேகவிடவே கூடாது. அரைகுறையாக வெந்த ராஜ்மா கடும் வாந்தியை உண்டாக்கும். குக்கரை அணைத்துவிட்டு சாதத்தை இரவெல்லாம் உள்ளேயே மூடி வைப்பதும் வேண்டாம். கொதியிலும் சாகாத கிருமி விதைகள் வெதுவெதுப்பில் பெருகும்.

நம் வாசகர்களுக்கு மிக முக்கியமானது இது. அறையில் ப்ளக் பாயிண்ட் குறைவு என்பதால், கம்ப்யூட்டரின் யுபிஎஸ்ஸில் குக்கரைச் செருகுபவர்கள் இருக்கிறார்கள். 1.8 லிட்டர் குக்கர் சுமார் 700 வாட் இழுக்கும். வீடுகளில் உள்ள 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். செருகிய உடனே அது ஓவர்லோட் ஆகி அலறும். நீங்கள் சேவ் செய்யாத ஃபைல் அத்தோடு போய்விடும். மானிட்டரும் சிபியுவும் செருகியுள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் வேண்டாம். சுவரில் உள்ள எர்த் இணைப்புள்ள தனி சாக்கெட்டில், ஆவி கம்ப்யூட்டர் மேல் படாத தூரத்தில் வைத்திடுங்கள். பொங்கல் கொதிக்கும்போது கீபோர்டில் தெறித்தால் சுத்தம் செய்வது லேசான வேலை இல்லை.