எண்ணெய் அழுத்தக் குறைவை அறிவிக்கும் விளக்கு: பழைய டிராக்டரும் மோட்டார் காரும் வைத்திருப்போர்க்கு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் முதலிய தாலுகாக்களின் கரிசல் பூமியில் மானாவாரிப் பயிர்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவ மழையையே நம்பி நிற்கின்றன. மழை பெய்தபின் நிலம் உழவுக்கும் விதைப்புக்கும் ஏற்ற பதத்தில் இருக்கும் நாட்கள் சொற்பமே. பதம் வருமுன் இறங்கினால் சக்கரம் புதையும். பதம் தப்பினால் மண் கட்டிதட்டிப் போகும். அத்தகைய சமயத்தில் டிராக்டரின் இஞ்ஜின் இறுகி நின்றுவிட்டால், நஷ்டம் பட்டறைச் செலவோடு தீருவதில்லை. அவ்வருஷத்துக் கம்பு, சோளம், உளுந்து, பருத்தி ஆகியவற்றின் விதைப்பே தவறிப்போகலாம்.

1960-ம் வருஷத்தில் சென்னையில் ஏற்பட்ட டாபே கம்பெனியார் செய்து வந்த மாஸி பெர்குஸன் டிராக்டர்களில் பழைய மாதிரிகள் இன்னும் பல கிராமங்களில் உழைத்து வருகின்றன. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் காரையும், பழைய ஜீப்பையும் பேணி வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களும் உளர். இவ்வண்டிகளுட் சிலவற்றில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் மாத்திரம் உண்டு. சிலவற்றில் அம்முள்ளும் அசைவற்றுக் கிடக்கும். இவற்றுக்கு ஒரு சிவப்பு விளக்கும் ஒரு சிறு மணியும் அமைத்துக்கொள்ளும் விதத்தை இங்கே விவரிப்போம்.

எண்ணெய் அழுத்தத்தின் அவசியம்

இஞ்ஜினின் அடியிலுள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை ஒரு சிறு பம்பு உறிஞ்சி, வடிகட்டியின் வழியே கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் செலுத்துகிறது. சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் மெல்லிய படலமாக நிற்பதால் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. எண்ணெய் வரத்து நின்றால் அப்படலம் அறுந்து, உராய்வினால் சூடேறி, பேரிங்கின் மேற்பூச்சு உருகித் தண்டைக் கவ்விக்கொள்ளும். பாரம் இழுக்கும் இஞ்ஜினில் இந்த நாசம் விளைய அதிக நேரம் வேண்டியதில்லை.

அழுத்தம் குறைவதற்குக் காரணங்கள் பல. தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கலாம், டீசல் கலந்து எண்ணெய் நீர்த்துப் போயிருக்கலாம், உறிஞ்சும் வாயின் சல்லடையில் கசடு அடைத்திருக்கலாம், அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வில் தூசி சிக்கி அது திறந்தபடி நின்றிருக்கலாம், பேரிங்குகளே தேய்ந்திருக்கலாம். கரிசலில் கோடை உழவின்போது கிளம்பும் நுண்ணிய புழுதி, காற்று வடிகட்டியைச் சரிவரச் சுத்தம் செய்யாவிடில் இஞ்ஜினுக்குள் புகுந்து தேய்மானத்தை விரைவுபடுத்துகிறது. ஆகையால் இப்பிரதேசத்தில் இவ்விஷயம் விசேஷ கவனத்துக்குரியது.

முள் மாத்திரம் போதாது

அழுத்தமானியினுள்ளே வளைந்து தட்டையான ஒரு குழாய் இருக்கிறது. எண்ணெய் அழுத்தம் ஏற ஏற அக்குழாய் நிமிர முயன்று முள்ளைத் தள்ளும். பிரான்ஸ் தேசத்து யூஜேன் போர்தோன் என்பவர் 1849-ல் உரிமை பெற்ற ஏற்பாடு இது, இன்றளவும் நம்பத்தக்கது. ஆனால் உழவு ஓட்டுபவர் பின்னால் திரும்பிக் கலப்பையையும் சாலையுமே கவனிக்கிறார். முள் விழுந்த கணத்தில் அவர் கண் அதன்மேல் இருப்பது அரிது. பார்க்கப்படாத முள் இஞ்ஜினைக் காப்பாற்றாது. கண்ணையும் காதையும் ஒருங்கே அழைக்கும் சாதனம் வேண்டும்.

சுவிட்சின் அமைப்பு

மோட்டார் சாமான் கடைகளில் கிடைக்கும் அழுத்த சுவிட்சின் உள்ளே ஒரு மெல்லிய தகடும் ஒரு வில்லும் உண்டு. அழுத்தம் இல்லாதபோது வில் இரு முனைகளைச் சேர்த்து வைக்கும். அப்போது மின்சாரம் பாய்ந்து விளக்கு எரியும். அழுத்தம் ஏறியதும் தகடு மேலெழுந்து முனைகளைப் பிரிக்க, விளக்கு அணையும். கார்களுக்கென விற்கப்படும் சுவிட்சுகள் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 4 முதல் 10 ராத்தலுக்குள், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 முதல் 0.7 கிலோ அழுத்தத்துக்குள், வேலை செய்கின்றன.

ஆகவே இவ்விளக்கு கடைசி எச்சரிக்கையேயன்றி முதல் எச்சரிக்கை அன்று. உழவு வேகத்தில் வழக்கமாக 40 ராத்தல் காட்டும் இஞ்ஜினில் அழுத்தம் 15 ராத்தலாக இறங்கினாலும் விளக்கு எரியாது. இக்காரணத்தால் முள்ளைக் கழற்றிவிட்டு விளக்கை வைப்பது தவறு. இரண்டும் இருத்தல் வேண்டும். மெல்ல வரும் தேய்மானத்தை முள்ளும், திடீரென நேரும் அபாயத்தை விளக்கும் தெரிவிக்கும்.

பொருத்தும் விதம்

முதலாவது, அழுத்தமானிக்குச் செல்லும் குழாய் இஞ்ஜினில் இணையும் துவாரத்தின் மரையை அளந்தறிய வேண்டும். மரைகளில் பல வகை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் வேறு வகையை வலிந்து முறுக்கினால் எண்ணெய் கசியும், வார்ப்பும் வெடிக்கலாம். பழைய இணைப்பைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே உத்தமம்.

இரண்டாவது, முள்ளும் சுவிட்சும் ஒரே துவாரத்திலிருந்து அழுத்தம் பெறும்படி மூன்று வாயுள்ள இணைப்பு ஒன்றை அமைக்க வேண்டும். கனமான இணைப்பை இஞ்ஜினிலேயே நீட்டித் தொங்கவிட்டால் அதிர்ச்சியால் அதன் கழுத்து முறியும். முறிந்தால் எண்ணெய் முழுவதும் வெளியே பீய்ச்சிவிடும். எண்ணெயையும் சூட்டையும் தாங்கும் வளையத்தக்க குழாய் ஒன்றினால் அதைச் சட்டத்துக்குக் கொண்டுவந்து இறுக்கிப் பிடிக்கச் செய்வது நலம். ஒற்றை முனைச் சுவிட்சாயின் மின்சாரம் அதன் உடல் வழியாகவே திரும்ப வேண்டுமாதலால், சுவிட்சின் உடலிலிருந்து இஞ்ஜினுக்கு ஒரு தனிக் கம்பியும் இணைக்க வேண்டும். மரையில் வெள்ளை நாடா சுற்றுவதைத் தவிர்க்கவும். அதன் துணுக்குகள் எண்ணெய் வழியில் புகக்கூடும்.

மூன்றாவது, மின்சாரக் கம்பிகளை இணைக்கும் முறை. பாட்டரியிலிருந்து சாவிக்கும், சாவியிலிருந்து ஒரு சிறு பியூஸுக்கும், அதிலிருந்து விளக்கின் ஒரு முனைக்கும், விளக்கின் மறு முனையிலிருந்து அழுத்த சுவிட்சுக்கும் கம்பி செல்ல வேண்டும். மணியை விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்தால் இரண்டும் ஒருசேர இயங்கும். மணி சிறிதாகவே இருக்கட்டும். வண்டியின் ஹாரனை நேராக இணைத்தால் சுவிட்சின் முனைகள் கருகிவிடும். ஹாரனே வேண்டுமெனில் நடுவே ஒரு ரிலே வைக்க வேண்டும். கம்பி, புகைக்குழாயின் சூடு படாத வழியே செல்ல வேண்டும்.

பழைய வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் கூட்டல் முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். சாதாரணப் பல்புக்கு இதனால் பேதமில்லை. எல்.இ.டி. விளக்குக்கும் மின்னணு மணிக்கும் கம்பிகளை மாற்றி இணைத்தாலன்றி அவை இயங்கா. வேலை தொடங்குமுன் இதை ஆராய்ந்துகொள்வது அவசியம்.

அன்றாடப் பரீட்சை

சாவியைத் திருப்பியவுடன், இஞ்ஜின் ஓடுமுன், விளக்கு எரிந்து மணி ஒலிக்க வேண்டும். இஞ்ஜின் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் இரண்டும் அடங்க வேண்டும். முதலில் எரியாவிட்டால் பல்பு போயிருக்கும், அல்லது கம்பி அறுந்திருக்கும். எச்சரிக்கை இல்லையென்பதே அதன் பொருள். அப்போது சுவிட்சின் கம்பியைக் கழற்றி இஞ்ஜினின் உடலில் தொட்டுப் பார்க்கவும். விளக்கு எரிந்தால் குற்றம் சுவிட்சிலோ அதன் உடல் இணைப்பிலோ உள்ளது. எரியாவிட்டால் பியூஸ், பல்பு, கம்பி ஆகியவற்றைத் தேட வேண்டும். மணி தொந்தரவாயிருக்கிறதென்று ஓட்டுபவர் அதன் கம்பியைப் பிடுங்கிவிடாதிருக்கவும் சொந்தக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது

உடனே கிளட்சை மிதித்து, வண்டி நின்றதும் இஞ்ஜினையும் நிறுத்திவிட வேண்டும். பழைய டீசல் டிராக்டர்களில் சாவியைத் திருப்பினால் மாத்திரம் இஞ்ஜின் நில்லாது. நிறுத்தும் பிடியை இழுக்க வேண்டும். "இன்னும் இரண்டு சால் முடித்துவிடலாம்" என்பதும், "ஊர்வரை ஓட்டிப் போகலாம்" என்பதும் இஞ்ஜினைப் பறிகொடுக்கும் வழிகள். சில நிமிஷம் எண்ணெய் வடியவிட்டு அளவுக் கம்பியால் பார்க்கவும். குறைந்திருந்தால் கசிவு எங்கே என்று கண்டு, சரிசெய்து, எண்ணெய் ஊற்றித் தொடங்கலாம். அளவு சரியாயிருந்தும் விளக்கு எரிந்ததாயின், நல்ல நிலையிலுள்ள வேறோர் அழுத்தமானியால் மெக்கானிக் சோதித்துச் சொல்லும்வரை வண்டியை ஓட்டலாகாது. வரப்போரம் திரும்பும்போதும், மேடு ஏறும்போதும் மாத்திரம் விளக்கு மினுக்கினால், தொட்டியில் எண்ணெய் குறைந்து பம்பு காற்றை உறிஞ்சுகிறதென்று சந்தேகிக்கலாம். இஞ்ஜின் சூடேறி மெதுவாக ஓடும்போது மாத்திரம் எரிந்தால், பேரிங் தேய்மானத்தையோ நீர்த்த எண்ணெயையோ சந்தேகிக்க வேண்டும்.

இவ்வேற்பாடு பயன்படாத இடங்கள்

கிணற்றில் நீர் இறைக்கும் பழைய ஆயில் இஞ்ஜின்களுட் சிலவற்றில் பம்பு இராது; சுழலும் உறுப்பு எண்ணெயை வாரி இறைப்பதே வழக்கம். அவற்றுக்கு அழுத்த சுவிட்ச் பயன்படாது. எண்ணெய் மட்டத்தைத் தினந்தோறும் பார்ப்பதே வழி. பம்பு உள்ளதாயினும், அருகில் ஆளின்றி ஓடும் இஞ்ஜினுக்கு விளக்கினால் என்ன பயன்? அங்கே அழுத்தம் குறைந்தவுடன் டீசலைத் தானே நிறுத்தும் சாதனம் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளும் தங்கள் பொறுப்பிலுள்ள டிராக்டர்களுக்கும் தண்ணீர் வண்டிகளுக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, காலையில் விளக்கு எரிந்து அணைந்ததா, எண்ணெய் மட்டம் எவ்வளவு, சூடேறியபின் முள் காட்டிய அளவு எவ்வளவு என்ற மூன்றையும் ஓட்டுபவர் எழுதும்படி செய்யலாம். மாதக்கணக்கில் முள் சிறிது சிறிதாக இறங்கி வருவதை அப்புத்தகம் காட்டிக்கொடுக்கும். புரட்டாசிக்கு முன்பே, ஆடி ஆவணியில், சுவிட்சைப் பொருத்தியும் இஞ்ஜினைச் சோதித்தும் வைத்துக்கொண்டால், மழை விழுந்தபின் பட்டறை வாசலில் காத்துக் கிடக்க வேண்டியிராது.