சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் எஞ்சினை அணையுங்கள்

"அவசரத் தடத்தில் வாகனம் ஒன்று பழுதாகி நிற்கிறது." காலை நிகழ்ச்சியில் போக்குவரத்து நிலவரம் வாசிக்கும்போது இந்த வரியை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. சில மாதங்களுக்கு முன்பு அப்படி நின்ற கார்களில் ஒன்று என் தாய்மாமாவுடையது.

மாமா கிள்ளானில் இ-ஹெய்லிங் ஓட்டுகிறார். 12 வயதான கார் அது. அதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காக ஈப்போவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பீடோரைத் தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. அலாவுதீன் விளக்கு மாதிரி, மூக்கு நுனியில் ஒரு சொட்டோடு இருக்குமே, அந்த விளக்கு. மாமா 'தாப்பா ஓய்வுப் பகுதி பக்கத்தில்தானே, மெதுவாகப் போய்விடலாம்' என்று யோசிக்கவில்லை. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். அதனால்தான் இன்றும் அதே எஞ்சினோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த விளக்கை ஆயில் குறைந்தால் எரியும் விளக்கு என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆயிலின் அளவைக் காட்டுவது சில கார்களில் மஞ்சளாக வரும் வேறு விளக்கு. சிவப்பு விளக்கு சொல்வது அழுத்தத்தை. எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. நடுவில் இருக்கும் ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுற்றுகிறது. அந்த இடைவெளி ஒரு தலைமுடியின் பருமன்கூட இருக்காது. பம்ப் அழுத்தத்தோடு ஆயிலைத் தள்ளும் வரைதான் படலம் நிற்கும். அழுத்தம் போனால் இரும்பும் இரும்பும் உரசும். சில நிமிடங்கள் போதும். பெரும்பாலான கார்களில் அழுத்தம் சுமார் அரை பாருக்கு இறங்கிய பிறகுதான் விளக்கே எரிகிறது. அதற்கு மேல் காத்திருக்க ஒன்றுமில்லை.

நான் படித்தது ஊடகத் துறை. இதெல்லாம் ஈப்போ பட்டறையில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டது.

அதற்கு முன்னால் இழுவை வண்டி காரைக் கொண்டுபோய் இறக்கிய பட்டறையில், ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் காது கொடுத்துவிட்டு, "எஞ்சின் போச்சு, ஓவர்ஹால் பண்ணணும், 4,800 வெள்ளி" என்றார்கள். மாமாவுக்கு அது ஏறக்குறைய இரண்டு மாத வருமானம். போனில் அவர் குரலைக் கேட்டு நானே கிளம்பிப் போனேன். காரை மறுபடி ஏற்றி, ஈப்போவில் உறவினர் சொன்ன போமனிடம் கொண்டுபோனோம்.

அவர் டிப்ஸ்டிக்கை உருவினார். அளவு சரி. விரலில் தொட்டு முகர்ந்தார். பெட்ரோல் வாடை இல்லை. தே தாரிக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தமாம், அதுவும் இல்லை. பிறகு ஆயில் அழுத்த சென்சரைக் கழற்றி, அந்தத் துளையில் ரப்பர் குழாயோடு ஓர் அழுத்தமானியை முடுக்கினார். முதல் பட்டறை செய்யாமல் விட்டது இந்த ஒரு வேலையைத்தான். மானியில் அழுத்தம் சரியாக இருந்து விளக்கு மட்டும் எரிந்தால் குற்றம் சென்சரிலோ வயரிலோ இருக்கிறது. சென்சர் மலிவு. மானி வைத்துப் பார்க்காமல் எஞ்சினைப் பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை.

எஞ்சின் சூடானதும் ஐட்லிங்கில் முள் 1.2 பாரில் நின்றது. குறை சொல்ல முடியாத அளவுதான். 3,000 சுற்றுக்கு ஏற்றிப் பிடித்தார். மேலே போக வேண்டிய முள் கொஞ்சம் ஏறி, நடுங்கி, இறங்க ஆரம்பித்தது. உடனே அணைத்துவிட்டார்.

"பேரிங் தேஞ்சிருந்தா ஐட்லிங்லதான் விழும், ரேஸ் பண்ணா ஏறும். இது தலைகீழா இருக்குண்ணே. பம்புக்கு ஆயில் போய்ச் சேரல."

அடியிலிருக்கும் ஆயில் தொட்டியை இறக்கினார். ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் தார் மாதிரி கறுப்புக் கசடு அப்பிக் கிடந்தது. ஐட்லிங்கில் தேவைப்படும் கொஞ்ச ஆயிலை அதன் வழியே இழுத்துவிடலாம். 110 கிலோமீட்டர் வேகத்தில் முடியாது. மாமா கிலோமீட்டர் கணக்குப் பார்த்துத்தான் ஆயில் மாற்றுவார், அதையும் அவ்வப்போது கொஞ்சம் தள்ளிப்போடுவார். கிள்ளான் பள்ளத்தாக்கு நெரிசலில் எஞ்சின் மணிக்கணக்கில் ஓடும், மீட்டர் நகராது. அந்த மணி நேரமெல்லாம் ஆயிலின் வயதில் சேரும் என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

சந்தேகம் தீர ஒரு பேரிங் மூடியையும் கழற்றிப் பார்த்தார் போமன். கீறல் இல்லை. சல்லடை, கேஸ்கெட், ஃபில்டர், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 620 வெள்ளி.

எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது விளக்கு மினுமினுத்து, ஆக்சிலேட்டரை மிதித்ததும் அணைந்தால் அது தேய்மானமாக இருக்கலாம். ஆயில் நீர்த்துப் போயிருக்கலாம். காருக்குச் சொன்ன 10டபிள்யூ-40க்குப் பதிலாக மெல்லிய ஆயிலை யாராவது ஊற்றியிருக்கலாம். பம்போ அதன் ரிலீஃப் வால்வோ கெட்டிருக்கலாம். தடித்த ஆயிலை ஊற்றினால் விளக்கு அணையும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அணையவும் கூடும். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். எச்சரிக்கை மட்டும் நின்றுவிடும். காரை விற்கப்போகிறவர்கள் செய்கிற வேலை அது, பழைய கார் வாங்குபவர்கள் கவனம். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கசடைக் கரைக்கும் மருந்து ஊற்றலாமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றார் போமன். மிச்சமிருக்கும் கசடு மொத்தமாகக் கழன்று வந்து புதுச் சல்லடையையும் அடைத்துவிடுமாம். அதற்குப் பதிலாக 1,000 கிலோமீட்டரிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றச் சொன்னார். மாமா கணக்காக 1,000த்தில் ஈப்போவுக்கே ஓட்டிப்போய் மாற்றினார். வடித்த ஆயில் இன்னும் கறுப்பாகத்தான் வந்தது. மானியை முடுக்கி 3,000 சுற்றில் பிடித்தபோது முள் 3.5 பாரில் அசையாமல் நின்றது.