புகைக்கு என்ன நிறம்?

ஓவிய வகுப்பில் “இயற்கைக் காட்சி” என்றதும் இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு தென்னை என்று வரைந்துவிடுகிறோம் அல்லவா? பேரிகை மாணவர்களும் அப்படித்தான். ராகிக் கொல்லையும் பாறைக் குன்றும் சில சமயம் படத்தில் வரும். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையும் கல் உடைக்கும் கிரஷரும் வருவதே இல்லை!

1792-இல் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் இங்கே வந்து ராயக்கோட்டை மலையை வரைந்தார்கள். அன்று இங்கே ஆலை ஏது? ஆலைப் புகையைப் படத்தில் காண அவர்கள் நாட்டுக்கே போகவேண்டும். அங்கே டர்னர் என்ற ஓவியர், மழைக்குள் பாய்ந்துவரும் நீராவி ரயிலை 1844-இல் காட்சிக்கு வைத்தார். பிரெஞ்சு ஓவியர் மோனே 1899 முதல் 1901 வரை லண்டனில் தங்கி, தேம்ஸ் நதிப் பாலத்தையும் அதன் பின்னே நின்ற புகைபோக்கிகளையும் திரும்பத் திரும்ப வரைந்தார்.

எட்டாம் வகுப்பில் அடுப்புப் புகையை நீலமாக வரைந்து மதிப்பெண் இழந்தவன் நான். “புகை கறுப்புதானே?” என்றார் ஆசிரியர். இயற்பியல் படித்த பிறகுதான் என் கண் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

மெல்லிய புகையின் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. அவை சிதறடிக்கும் ஒளி, அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இது 1871-இல் ராலே கண்ட விதி. நீலத்துக்கு 450, சிவப்புக்கு 700 நானோமீட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: நீலம் ஏறத்தாழ 6 மடங்கு அதிகம் சிதறும். கரிய குன்றின் முன்னே புகை எழும்போது அந்த நீலமே நம் கண்ணுக்கு வருகிறது. அதே புகை மேலேறி வெளிச்சமான வானத்தை மறைத்தால், நீலத்தை இழந்து ஊடுருவி வரும் ஒளியைப் பார்க்கிறோம். புகை பழுப்பாகிவிடுகிறது! கிரஷர் தூசி பருமனானது. எல்லா நிறத்தையும் ஒன்றுபோல் சிதறடிப்பதால் வெளுத்துத் தெரியும்.

டர்னர் காலத்தில் லண்டன் காற்றின் மாசை முறையாக அளந்துவைத்தவர் இல்லை. ஆகவே டர்னரின் 60, மோனேயின் 38 ஓவியங்களை எடுத்து ஆராய்ந்து 2023-இல் இரு விஞ்ஞானிகள் கட்டுரை வெளியிட்டார்கள். நிலக்கரி எரிந்து கந்தக டைஆக்சைடு பெருகப் பெருக, படங்களில் விளிம்புகள் மங்கி வெண்மை கூடியிருந்தது. “வயதானால் கண் மங்காதா சார்?” என்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் மோனேக்குக் கண்புரை என்று மருத்துவர்கள் சொன்னது 1912-இல். லண்டன் படங்களை வரைந்து பத்தாண்டு கழித்து!

அடுத்த ஞாயிறு காலையில் வண்ணப்பெட்டியுடன் ஒரு மேட்டில் ஏறி நில்லுங்கள். புகைபோக்கியை விட்டுவிடாதீர்கள். குன்றுக்கு முன்னே என்ன நிறம், வானத்துக்கு முன்னே என்ன நிறம் என்று பார்த்துப் பூசுங்கள். படத்தின் கீழே தேதி, நேரம், காற்றடித்த திசை மூன்றையும் குறித்துவையுங்கள். டர்னர் இதைச் செய்திருந்தால் அந்த விஞ்ஞானிகளுக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.